தாய்லாந்துச் செல்லப்பெயருக்குப் பொருள் தேட எந்தக் கருவி கைகொடுக்கும்?

தாய்லாந்தில் ஆளுக்கு இரண்டு பெயர். கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் இருப்பது 'சூ ஜிங்', அதாவது அசல் பெயர். பெரும்பாலும் பாலி, சமஸ்கிருத வேர் கொண்ட நீளமான பெயராக இருக்கும். வீட்டிலும் அலுவலகத்திலும் கூப்பிடுவது 'சூ லென்'. சூ என்றால் பெயர், லென் என்றால் விளையாட்டு. ஓரசை, மிஞ்சினால் ஈரசை. பாங்காக்கில் வேலை பார்ப்பவர்கள், தாய்லாந்து வாடிக்கையாளர்களோடு பேசுபவர்கள், அந்நாட்டுத் தொடர்களைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, இந்தச் சின்னப் பெயருக்கு என்ன பொருள் என்பதுதான்.

அதைத் தேட மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன: இணையத்தில் கிடைக்கும் ஆங்கில எழுத்துப் பட்டியல்கள், கூகுள் டிரான்ஸ்லேட் போன்ற மொழிபெயர்ப்புச் செயலிகள், தாய்லாந்து மொழி அகராதிகள். மூன்றும் இலவசம். ஆனால் மூன்றுக்கும் தரத்தில் பெரிய இடைவெளி உண்டு.

பட்டியல்களிலிருந்து தொடங்கலாம். ஐம்பது, நூறு பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டு, எதிரே ஒரு சொல்லில் பொருள் தருபவை இவை. 'லெக்' சின்னது, 'யாய்' பெரியது, 'நொக்' பறவை, 'குங்' இறால், 'ஃபொன்' மழை, 'டாவ்' நட்சத்திரம் என்ற அளவில் சரியாகவே இருக்கும். சிக்கல் எழுத்துமுறையில் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள்; குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அரசாங்கத்தின் அதிகாரபூர்வ ரோமன் எழுத்துமுறையே தொனியைக் காட்டாது, உயிரெழுத்தின் குறில் நெடிலையும் காட்டாது. மக்கள் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த முறையையும் பின்பற்றுவதில்லை. ஆகவே பட்டியலில் 'மாய்' என்று தேடினால் கிடைப்பது ஒரு பெயர் அல்ல. தாழ்ந்த தொனியில் சொன்னால் அது 'புதிது'. கீழிருந்து மேலே ஏறும் தொனியில் 'பட்டு'. உயர்ந்த தொனியில் 'மரம்'. நடிகை தவிகா ஹோர்னேயின் 'மாய்' புதிது என்பது. அதே ஆங்கில எழுத்துகளோடு இன்னொருவர் பட்டாக இருப்பார். பட்டியல் இவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

இதைவிடத் தெளிவான உதாரணம் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா. அவருடைய செல்லப்பெயர் 'மேவ்'. பட்டியலைப் பார்த்தால் பூனை என்று வரும். பூனைக்கான சொல் சமதொனி. அவர் பெயர் உயர்தொனி. அது மலைவாழ் ஹ்மோங் மக்களைக் குறிக்க வழங்கிய பழைய சொல், இன்று அம்மக்கள் விரும்பாத சொல். தொனி ஒன்று மாறியதும் வீட்டுப் பிராணி ஓர் இனக்குழுவின் பெயராகிவிடுகிறது. தங்கை யிங்லக்கின் 'பூ' நண்டு. அதையே தாழ்ந்த தொனியில் சொன்னால் அப்பாவைப் பெற்ற தாத்தா.

சோன்புரியின் காவ் கியோ உயிரியல் பூங்காவில் 2024 ஜூலையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற குள்ள நீர்யானை 'மூ டெங்' பெயரிலும் இதே பொறி இருக்கிறது. மூ என்றால் பன்றி, பன்றி இறைச்சி. டெங் என்றால் துள்ளுவது, மெல்லும்போது பந்துபோல எழும்புவது. 'டேங்' என்று உயிரை நீட்டிச் சமதொனியில் சொன்னால் சிவப்பு. 'மூ டேங்' சோற்றின் மேல் அடுக்கித் தரும் சிவப்புப் பன்றி இறைச்சி. சிவப்பு என்ற அந்தச் செல்லப்பெயரை ஆங்கிலத்தில் 'டெங்' என்று எழுதுபவர்களும் உண்டு. எழுத்தை மட்டும் நம்பினால் துள்ளலும் சிவப்பும் ஒன்றாகிவிடும்.

தமிழில் குறித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குறில் நெடில் வேறுபாட்டை நம் எழுத்து அழகாகப் பிடிக்கும், அது பெரிய நன்மை. ஆனால் மூச்சொலி, அதாவது காற்றை ஊதிச் சொல்லும் எழுத்து, நம்மிடம் இல்லை. கோழியும் முட்டையும் செல்லப்பெயர்களாக உண்டு. இரண்டும் தாழ்ந்த தொனி, வேறுபாடு முதல் எழுத்தின் மூச்சில் மட்டும்தான். தமிழில் இரண்டும் 'கை' ஆகிவிடும். சிறியது என்று பொருள்படும் பெயரைத் தமிழில் எழுதினால் 'நோய்' என்று கண் படிக்கும்.

பட்டியல்களின் இரண்டாவது குறை, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நிறுத்திவிடுவது. 'நூ' என்றால் எலி என்றே பெரும்பாலும் போட்டிருக்கும். 2025 செப்டம்பரில் பிரதமரான அனுதின் சார்ன்விரகுலின் செல்லப்பெயரும் இதுதான். எலி என்பது பொய்யில்லை. ஆனால் சின்னக் குழந்தையைக் கொஞ்சிக் கூப்பிடும் சொல்லும், சிறுமிகள் பெரியவர்களிடம் தம்மை 'நான்' என்று சொல்லிக்கொள்ளும் சொல்லும் இதே நூதான். 'குவன்' இன்னும் ஆழமான பெயர். பட்டியல் 'ஆவி' என்று சொல்லி முடித்துவிடும். உச்சந்தலையில் முடி சுழன்று நிற்கும் சுழிக்கும் அதுதான் பெயர். உடம்போடு ஒட்டி நின்று காக்கும் உயிர்ப்பண்புக்கும் அதுதான் பெயர். பயந்தால் குவன் ஓடிவிடும், சடங்கு செய்து திரும்ப அழைப்பார்கள். பரிசுப்பொருளுக்கான சொல்லிலும் அது இருக்கிறது. பெண்ணுக்குக் குவன் என்று பெயர் வைக்கும் பெற்றோர் பேய் பிசாசை நினைத்து வைப்பதில்லை.

கூகுள் டிரான்ஸ்லேட்டுக்கு வருவோம். தாய்லாந்து எழுத்தில் பெயரை ஒட்டினால்தான் அதனால் பயன். குரல் வசதி நன்றாகவே உதவும். வானம் என்ற 'ஃபா'வையும் மூடி என்ற 'ஃபா'வையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் காதுக்கு வேறுபாடு பிடிபடும். பெயரைத் தனிச் சொல்லாகக் கொடுக்க வேண்டும். வாக்கியத்தோடு கொடுத்தால் பெயராகக் கொள்வதா, பொருளை மொழிபெயர்ப்பதா என்று செயலியே முடிவெடுக்கும். அலுவலகக் குழுவில் 'மூ அண்ணன் நாளை விடுமுறை' என்று வந்த செய்தி 'பன்றி நாளை விடுமுறை' என்று மாறுவது இப்படித்தான். பெயருக்கு முன்னால் 'பீ' (அண்ணன், அக்கா), 'நொங்' (தம்பி, தங்கை), 'குன்' (மரியாதைச் சொல்) இருந்தால் பின்னால் வருவது ஆள் என்று கொள்ளலாம். அந்தப் 'பீ' இறங்கும் தொனி. ஏறும் தொனியில் சொன்னால் பேய்.

செயலியும் அகராதியும் ஒன்றுபோலத் திணறும் இடம் ஆங்கிலப் பெயர்கள். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் மெய்யொலி வந்தால் ப், ட், க், ம், ன், ங், ய், வ் ஆகியவைதான் நிற்கும். ஆகவே 'ஃபிலிம்' ஃபிம் ஆகும், 'பேங்க்' பேங் ஆகும், 'பால்' (பந்து) போன் ஆகும், 'கோல்ஃப்' கோப் ஆகும். அதைக் குறுக்கித் தாழ்த்தி 'கொப்' என்றால் தவளை, அதுவும் செல்லப்பெயர்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் பூப்பந்தில் வெள்ளி வென்ற குன்லவுத்தின் 'விவ்' ஆங்கில 'வியூ'. இன்னொரு வழக்கமும் உண்டு. நீண்ட சொல்லின் கடைசி அசையை மட்டும் வெட்டி எடுப்பார்கள். ஆப்பிள் 'ப்பென்' என்று நிற்கும், தர்பூசணியான 'தேங் மோ' வெறும் 'மோ' ஆகும். அகராதியில் அந்தத் துண்டு கிடைக்காது.

உண்மையில் நம்பத்தக்கவை அகராதிகள்தான். லாங்டோ என்ற இணையதளம் பல அகராதிகளை ஒரே பக்கத்தில் அடுக்கி ஆங்கிலப் பொருள் தரும். தாய்லாந்து அரசின் ராஜபண்டித சபை அகராதியின் 2011 பதிப்பு (பௌத்த ஆண்டு 2554) அவர்கள் மொழியிலேயே விளக்கும், சொல்லின் வேரையும் காட்டும். அந்த விளக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்க வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனால் பலன் உண்டு. 'போன்' என்ற பெயரை ஆங்கிலத்தில் நடுவே ஓர் 'ஆர்' சேர்த்து எழுதுவதால் வெளிநாட்டவர் முகம் சுளிக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் அது நம் 'வரம்'. 'பெட்' என்ற வைரத்தின் வேர் வஜ்ரம், நம் வயிரத்துக்கும் அதுவே மூலம்.

தேடும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அவருடைய லைன் (செய்திச் செயலி) கணக்கிலோ முகநூலிலோ தாய்லாந்து எழுத்தில் உள்ள பெயரை நகலெடுங்கள். ஏதாவது ஓர் எழுத்தின் தலையில் சின்னச் சுருள் குறி இருந்தால் அது மௌனக் குறி, அந்த எழுத்து ஒலிக்காது. பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லாகவோ சமஸ்கிருதச் சொல்லாகவோ இருக்கும். குறி இல்லையென்றால் லாங்டோவில் போடுங்கள். கிடைக்காவிட்டால் வெட்டிய கடைசி அசையா என்று பாருங்கள்.

எந்தக் கருவியும் தராதது தோற்றத்தின் வரலாறு. 1913இல் ஆறாம் ராமா மன்னர் குடும்பப்பெயர்ச் சட்டம் கொண்டுவரும் வரை சாதாரண மக்களுக்கு ஒற்றைப் பெயர்தான், அதுவும் பெரும்பாலும் ஓரசைப் பெயர். குடும்பப்பெயரும் நீண்ட வடமொழிப் பெயரும் பதிவேட்டுக்குப் போனபின் அந்தப் பழைய வகைப் பெயர்கள் வீட்டுக்குள் செல்லப்பெயராகத் தங்கின. அழகான குழந்தையைத் தீய ஆவி தூக்கிப் போய்விடும் என்று பன்றி, தவளை, குண்டு என வைத்த வழக்கமும் சேர்ந்துகொண்டது. பிள்ளை தங்காத வீட்டில் பிச்சை, குப்பை என்று பெயர் வைத்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஆங்கிலப் பெயர்கள் பெருகின. 2007இல் பண்பாட்டு அமைச்சகமே பழைய செல்லப்பெயர்களைத் தொகுத்து ஊக்குவிக்க முன்வந்தது.

விமான டிக்கெட், ஓட்டல் பதிவு எதிலும் செல்லப்பெயரைப் போடாதீர்கள். கடவுச்சீட்டில் அது இருக்காது. பொருளில் சந்தேகம் தீரவில்லையென்றால் 'சூ லென் ப்ளே வா அரை' (செல்லப்பெயருக்கு என்ன பொருள்) என்று கேளுங்கள். பேசுபவர் ஆணென்றால் முடிவில் 'க்ரப்', பெண்ணென்றால் 'க்கா' சேர்க்க வேண்டும். பலர் அம்மாவுக்கு மசக்கையில் எது பிடித்தது, பிறந்த அன்று என்ன மழை என்பதிலிருந்து தொடங்குவார்கள்.