ஹெரால்டும் பத்மினியும்: பட்டிக்கு அடியில் இருந்த அழகு

பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்த அதே மாதத்தில் இரண்டு வண்டிகள் என் கண்ணில் பட்டன. ஒன்று, காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில் நின்ற 1986ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி. மற்றொன்று, ஆரணியில் ஓர் அரிசி ஆலையின் பின்கட்டில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கிடந்த 1966ஆம் ஆண்டின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பத்மினி ஓடிக்கொண்டிருந்தது, ஹெரால்டு பன்னிரண்டு ஆண்டுகளாக அசையவில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் முன்னதைத்தான் வாங்கியிருப்பார். நான் பின்னதை வாங்கினேன். இந்த அலசல் அந்த முடிவுக்கு நான் கற்பிக்கும் நியாயம் என்று யாரேனும் சொன்னால், அதை முழுதாக மறுக்க மாட்டேன்.

எல்லோரும் கேட்கும் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சின் ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினைவிடத் தெம்பானது. பத்மினியில் நான்கு கதவுகள் உண்டு. ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் இருப்பதால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஹெரால்டின் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும். என் மாமியார் ஒருமுறை ஏறினார், அதன்பின் ஏறவில்லை. நான் பார்த்த இரண்டு வண்டிகளிலும் ஏ.சி. இல்லை, ஆகவே வேலூரின் மே மாதத்தில் இரண்டும் ஒரே அடுப்புதான். குடும்பத்தோடு போய்வர வண்டி வேண்டும் என்பவர் இத்துடன் நிறுத்திக்கொண்டு பத்மினியை வாங்கிவிடலாம்.

அழகைப் பற்றிய பேச்சுதான் எனக்கு முக்கியம். அதில் முதலில் சொல்ல வேண்டியது, இரண்டுமே இத்தாலியின் துரின் நகரத்தில் உருவம் பெற்றவை என்பது. பத்மினி என்பது ஃபியட் 1100 டி. அதை 1964 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்தது, 1974இல் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்தது. ஹெரால்டு இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் கார். அதன் உருவத்தை வரைந்தவர் துரினில் சொந்தமாக வரைகூடம் வைத்திருந்த ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை நமக்காகத் தயாரித்தது. அதே மிக்கெலோட்டி, அதே ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி, அதன்மேல் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார். ஆகவே ஆரணி ஆலையில் தவிட்டுத் தூசி படிந்து கிடந்த வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கூடப்பிறந்த தம்பி.

இந்த உறவையெல்லாம் அறியாத வயதில் நான் ஹெரால்டை வெறுத்தவன். 1980களில் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு மருத்துவரிடம் ஹெரால்டு இருந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை தளர்ந்துபோய்ச் சக்கரங்கள் இரண்டும் அடியில் அகன்று, காலை அகட்டிக்கொண்டு நிற்கும் மாட்டைப்போல் அது நிற்கும். முகவிளக்குகளின் மேல் புருவம்போல் நீண்டிருந்த தகடும், பின்னால் துருத்திய வால்துடுப்புகளும் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் அந்தச் சிரிப்பு பத்மினிக்கும் பரவியது. ஒரு காலத்தில் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை 'டாக்ஸி வண்டி' என்று சொல்லி விற்றுவிட்டார்கள். இன்று அதே ஹெரால்டை நான் காட்பாடி ரயில் நிலையத்துக்கு ஓட்டிப்போனால், மாருதியைப் பார்த்து வளர்ந்தவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் முதலில் படம் பிடிப்பது அந்தப் புருவத்தையும் வால்துடுப்பையும்தான்.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே ஏற்ற இறக்கம் நடந்திருக்கிறது. 1961இல் ஜெனீவாவில் வெளியான ஜாகுவார் ஈ-டைப்பைப் பிறந்த நாள் முதல் அழகி என்றார்கள். ஆனாலும் 1970களின் பிற்பகுதியில் அது பெட்ரோல் குடிக்கும் பழைய கார்தான், மலிவாகக் கைமாறியது. 1996இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதில் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதன் வாரிசாக 1975இல் வந்த எக்ஸ்.ஜே.-எஸ் பிறந்தபோதே திட்டு வாங்கியது. பின் கண்ணாடியின் இருபுறமும் கோயில் மதிலுக்கு முட்டுக் கொடுத்ததுபோல் சரிந்து இறங்கும் தகடுகளை அன்று பலரும் பொறுக்கவில்லை. அந்தத் தகடுகளோடே அது 1996 வரை தயாரிப்பில் இருந்தது, இன்று அவற்றுக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1990களின் கடைசியில் வந்த போர்ஷ 996இன் முகவிளக்கை உடைந்த முட்டை பொரியலோடு ஒப்பிட்டார்கள். அடுத்த மாடலில் நிறுவனமே வட்ட விளக்குக்குத் திரும்பியது. இப்போது அந்த முட்டைக் கண்ணுக்கும் ஆதரவாளர்கள் கிளம்பியிருக்கிறார்கள்.

புதுமையாக இருக்கும்போது அழகு, தெருவெல்லாம் நிறைந்தபின் சலிப்பு, அரிதானபின் மறுபடி அழகு என்றுதான் இதற்கு வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. அரிதாகிப் போனதெல்லாம் அழகாகிவிடவில்லையே. மீதிப் பாதியை எனக்குக் காட்டியவர் வேலூரில் பழைய பைபாஸ் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் டிங்கரிங் பார்க்கும் பாய்.

ஹெரால்டின் முன்பக்கம் பேனட், இரண்டு மட்கார்டு, விளக்குப் புருவம் எல்லாம் சேர்ந்து ஒரே கூடாக முன்னோக்கிச் சாயும். கீலில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் அந்த மூக்கு முழுவதும் தனியாக வந்துவிடும். பாயும் அவருடைய பையன்கள் இருவரும் அதை அப்படியே தூக்கிச் சாக்கின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். மேலே வெள்ளை, அதன் கீழே சிவப்பு, அதன் கீழே இன்னொரு வெள்ளை, கடைசியில் வெளிறிய நீலம் என்று நான்கு பெயிண்ட். பூச்சுக்குப் பூச்சு நடுவில் விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது தகட்டின் பள்ளத்தை நிரப்பும் பசை. இடது புருவத்தை உளியால் தட்டத் தட்டப் பட்டி வில்லை வில்லையாக விழுந்தது. இரண்டு மணி நேரத்தில், நான் சிறுவயது முதல் மொண்ணையாகவே பார்த்திருந்த அந்தப் புருவம், விளக்கின் மேலிருந்து கதவு வரை அரிவாள் முதுகைப்போல் ஒரே கோடாக ஓடியது. பாய் அதன்மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ நாளு நீங்க பார்த்த மூக்கு கம்பெனி வெச்ச மூக்கு இல்ல சார், எங்க ஆளுங்க வெச்ச மூக்கு."

நான் வெறுத்தது மிக்கெலோட்டி வரைந்த உருவத்தை அல்ல. மூன்று விபத்துகளும் நான்கு பெயிண்டுகளும் தளர்ந்த ஸ்பிரிங்கும் சேர்ந்து செய்த உருவத்தை. ஒரு கார் இருபது வயதில் அசிங்கமாகத் தோன்றுவதற்குப் பெரும் காரணம், அந்த வயதில் அது மலிவாகி, செலவழிக்க மனமில்லாதவர் கைகளுக்குப் போய்விடுவதுதான். ஐம்பது வயதில் அது மறுபடி அழகாகத் தோன்றும்போது, எஞ்சி நிற்பவை பேணப்பட்ட வண்டிகள் மட்டுமே. மக்களின் ரசனை மாறியது என்கிறோம். அவர்கள் பார்க்கும் தகடே மாறிவிட்டதை மறந்துவிடுகிறோம். ஆகவே பழைய கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டியின் தகட்டை அதன் பழைய கோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்பது. என் முடிவு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

இதில் ஹெரால்டுக்குத் தற்செயலாகக் கிடைத்த வரம் ஒன்று உண்டு. கோவென்ட்ரி நிறுவனத்துக்குக் கார்க்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஆலையைப் போட்டி நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டதால், முழுக்கூட்டை ஒரே துண்டாகச் செய்ய அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. எனவே தனிச் சேஸிஸ் போட்டு, அதன்மேல் முன்பாதியையும் பின்பாதியையும் கூரையையும் தனித்தனியாக போல்ட் போட்டு இணைத்தார்கள். கதவுக்குக் கீழுள்ள வெளிப் பலகையைக்கூடக் கழற்றி மாட்டலாம். கூரையைக் கழற்றிவிட்டால் திறந்த காராகிவிடும். அன்றைய சிக்கன ஏற்பாடு அறுபது ஆண்டு கழித்து வேலூர்ப் பட்டறையில் எனக்கு உதவியது: துருப்பிடித்த துண்டைக் கழற்றி, சாக்கின்மேல் போட்டு, இரு பக்கமும் தட்டி, கோட்டைத் திருப்பி, மறுபடி மாட்டினோம். துண்டுக்குத் துண்டு இடைவெளி சீராக வரவே வராது என்பது இதன் குறை. பேனட்டுக்கும் கதவுக்கும் நடுவே என் வண்டியில் மேலே பென்சில் நுழையும், கீழே விரலே நுழையும். நான்கு முறை கழற்றி மாட்டியும் அது போகவில்லை.

பத்மினி அப்படியில்லை. அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பலகையும் கூடும் ஒன்றாகச் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகின்றன. அந்தப் பலகையில் துரு ஏறினால் வெட்டி எறிந்து புதுத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும். அதைச் சரியாக முட்டுக் கொடுக்காமல் செய்தால் நடுத்தூண் கொஞ்சம் இறங்கும், கதவு உரசும், உரசலை மறைக்கப் பட்டி வரும். காந்தி நகர் பத்மினியின் கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கிப் பார்த்தபோது வெல்டிங் மேல் வெல்டிங்காக மூன்று தலைமுறைத் தகடு தெரிந்தது. வெளியில் பளபளவென்று இருந்தாலும் உரு ஏற்கெனவே கலைந்துவிட்டிருந்தது. நல்ல பத்மினிகள் இல்லை என்பதல்ல. கடற்காற்று படாத நம் வடாற்காட்டில் துரு மெதுவாகத்தான் ஏறுகிறது, சென்னை வண்டியைவிட இந்தப் பக்கத்து வண்டியை நம்பி வாங்கலாம். ஆனால் கெட்டுப்போன பத்மினியை மீட்பது கெட்டுப்போன ஹெரால்டை மீட்பதைவிடக் கடினம்.

இனி, பத்மினிக்காரர்கள் என்னை மடக்கும் இடம். உதிரிப் பாகத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு வரை தயாரான வண்டி அது. பம்பாய் டாக்ஸிகளாக 2023 வரை ஓடியது. கார்புரேட்டர் கிட் முதல் விளக்கு வளையம் வரை சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு பகலில் வாங்கிவிடலாம். ஹெரால்டுக்கு நான் ஒரு ஸ்டீயரிங் பூட்டுக்காக ஐந்து மாதம் அலைந்தேன். ஸ்பிட்ஃபயர் தம்பி இங்குதான் கைகொடுக்கிறான்: சேஸிஸ், முன் சஸ்பென்ஷன், எஞ்சின் உறுப்புகள் பலவும் இரண்டுக்கும் பொது என்பதால், ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் செய்கிற பாகங்கள் நமக்கும் பொருந்துகின்றன. நான்கு கதவு ஹெரால்டு வாங்க நினைப்பவர் மட்டும் யோசித்துக்கொள்ளவும். அது இந்தியாவில் மட்டுமே தயாரான வகை, அதன் பின்கதவுக்கு இங்கிலாந்தில் யாரிடமும் மாற்று இல்லை. நான் இரண்டு கதவில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெரால்டின் முன்சக்கரங்கள் லண்டன் டாக்ஸிபோல் ஒடிந்து திரும்பும். ஏறத்தாழ 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடுவதால், லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒரே ஒடிப்பில் திருப்பிக் காட்டி நான் கொஞ்சம் பீற்றிக்கொண்டதும் உண்டு. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அச்சில் நிற்பதால், வேகமாக வளைவில் திருப்பி நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கி வழுக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. 1970களில் கெசல் என்ற பெயரில் வந்தபோது ஸ்டாண்டர்டு நிறுவனமே சாதாரண அச்சுக்கு மாறிவிட்டது. ஏலகிரியின் பதினான்கு வளைவுகளிலும் நான் இருவரோடு மெதுவாக இறங்கியிருக்கிறேன், ஒன்றும் நேரவில்லை. நான்கு பேரோடு, மழையில் இறங்கியதில்லை. அதற்கு என்னைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

மறுவிற்பனையிலும் என் அனுபவம் மெல்லியது, ஏனென்றால் நான் விற்கவில்லை. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, பெரிய மாற்றம் ஏதும் செய்யாத ஐம்பது வயது கடந்த வண்டியைப் பழமை வாகனமாகப் பதிவு செய்து தனி எண் வாங்கலாம், ஆனால் அதை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஹெரால்டு அதற்குத் தகுதியானது. 1986 பத்மினி 2036 வரை காத்திருக்க வேண்டும். நான் வாரம் இருமுறை ஓட்டுகிறவன் என்பதால், அந்தப் பதிவுக்குப் போகாமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்கிறேன்.

நான் விட்டுவந்த பத்மினியைக் காட்பாடிக்காரர் ஒருவர் வாங்கினார். போன ஆவணியில் அதைக் கோட்டை அகழி ஓரத்தில் பார்த்தேன்; பம்பாய் டாக்ஸியின் கறுப்பும் மஞ்சளும் அடித்து, கூரையில் மல்லிகைச் சரம் சுற்றி, ஒரு மணமக்களைப் பேனட்டில் சாய்த்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடகை மணிக்கணக்கில் என்றார் உரிமையாளர். என் ஹெரால்டை அரை மணி நேரம் அதன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன், இடது புருவம் தெரியும் பக்கமாக.