சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம்

ராயபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். உள்ளே போகப் பாதுகாப்புச் சோதனை உண்டு.

இங்கிலாந்தின் இடைக்காலக் கிராமத் தேவாலயங்களில் இருப்பது போலவே மேற்கில் கோபுரம், கிழக்கில் பீடம். கூரைதான் வேறு. அங்கே பெரும்பாலும் மரக்கூரை. 1680-ல் அர்ச்சிக்கப்பட்ட இந்த ஆலயத்துக்கோ பீரங்கிக் குண்டையும் தாங்கும் கனத்த வளைவுக் கூரை. நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், அசந்துபோவீர்கள்.

அப்புறம், வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைத் தவறவிடாதீர்கள். இப்போது பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் இடத்துப் பழைய இடுகாட்டில் இருந்தவை. 1758-59-ல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படைக்கு அந்தக் கல்லறைகள் மறைவிடமாகிவிட்டதால், பிறகு கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். அந்த லத்தீன், போர்த்துகீசிய எழுத்துகளை மிதிக்க எனக்கு மனம் வரவில்லை, ஓரமாகவே நடந்தேன். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் நன்றாகப் படிக்க முடியும்.