கோர் ஐ3-5005யூ, பென்டியம் என்3710: பழைய லேப்டாப்பில் எது மேல்?

இரண்டுமே லேப்டாப்புக்கான இன்டெல் பிராசசர்கள். விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் பென்டியம்தான் கண்ணைக் கவரும். 2016-இல் வந்தது, நான்கு கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பிரிவுகள்), 2.56 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். கோர் ஐ3-யோ 2015-இன் சரக்கு. இரண்டே கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போவும் கிடையாது. ஆனாலும் என் ஓட்டு ஐ3-க்கே.

காரணம், கோர்களின் எண்ணிக்கையை விட ஒவ்வொரு கோரின் வலு முக்கியம். ஐ3-யில் இருப்பது பிராட்வெல் என்ற வடிவமைப்பிலான கோர். ஒரே கடிகாரச் சுழற்சியில் அதிக வேலையை முடித்துவிடும். ஒரு கோரே இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஹைப்பர் த்ரெடிங் இருப்பதால் நான்கு த்ரெட்களும் (வேலை வரிசைகள்) கிடைக்கின்றன. பென்டியத்தில் உள்ளது, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆட்டம் வம்சத்து ஏர்மான்ட் கோர். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளும் அதில் இல்லை. அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருள்கள் ஓடாது. ரேமும் 8 ஜிபியோடு சரி. ஐ3 16 ஜிபி வரை ஏற்கும்.

பென்டியம் ஜெயிக்கும் இடமும் உண்டு. அதன் வெப்ப அளவு, ஐ3-யின் 15 வாட்டுக்கு எதிராக வெறும் 6 வாட். மின்விசிறியே இல்லாமல், சத்தமின்றி ஓடும் லேப்டாப்பை இதை வைத்துச் செய்யலாம். 8-பிட் எச்இவிசி முறையில் சுருக்கிய வீடியோவை வன்பொருளிலேயே முழுதாகப் பிரிக்கும். வயதில் மூத்த ஐ3-யில் அந்த வசதி அரைகுறைதான். படம் பார்க்க மட்டும் என்றால் பென்டியம் போதும்.

விண்டோஸ் 11 இரண்டையுமே அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால், ஐ3 இன்னும் சில காலம் உழைக்கும்.