காஸ்ட்ருலாய்டு: சில வருடம் கையாண்ட அனுபவம்

பாலூட்டிக் கருவின் ஆரம்ப நாட்களை ஆராய வேண்டும், ஸ்டெம் செல்களிலிருந்து தட்டில் வளர்க்கும் கரு மாதிரியான காஸ்ட்ருலாய்டை நம்பி இறங்கலாமா என்று லேபுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் கேட்கிறார்கள். இறங்கலாம். சில வருடங்களாக நான் இதோடுதான் வேலை செய்கிறேன், நாளைக்கு ஒரு புதுக் கேள்வி வந்தாலும் முதலில் இதைத்தான் எடுப்பேன். ஆனால் எந்தக் கேள்விக்கு எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுண்டெலிக் கரு நாலரை நாள் வாக்கில் கருப்பையில் பதிந்துவிடும். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், எந்தச் செல் தசைக்கு, எது குடலுக்கு என்ற பிரிவினையெல்லாம் ஆறரை நாளை ஒட்டித்தான் சூடு பிடிக்கும், அதாவது நாம் பார்க்க ஆசைப்படுவது அத்தனையும் தாயின் வயிற்றுக்குள் கண்ணுக்கு எட்டாமல் நடக்கிறது. வெளியே எடுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு தாய் எலி போகும், கையில் கிடைப்பதோ சில கருக்கள், அதிலும் நமக்கு வேண்டிய ஜீன் மாற்றம் உள்ளவை இன்னும் குறைவு.

காஸ்ட்ருலாய்டு 2014இல் கேம்பிரிட்ஜில் அல்ஃபோன்சோ மார்டினெஸ் ஆரியாஸ் குழுவிலிருந்து வந்தது. செய்முறை எளிமையானது. சுமார் 300 சுண்டெலி ஸ்டெம் செல்களை (உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியவை) 40 மைக்ரோலிட்டர் மீடியாவில், அதாவது செல் வளர்ப்புத் திரவத்தில், அடி உருண்டையான 96 குழித் தட்டில் குழிக்குக் குழி விடுகிறோம். பிடித்துக்கொள்ளத் தரை இல்லாததால் செல்கள் தங்களுக்குள் ஒட்டி ஓர் உருண்டையாகும். 48 மணி நேரம் கழித்து செல்களுக்குள் செய்தி கடத்தும் விண்ட் சமிக்ஞையைத் தூண்டும் சிஎச்ஐஆர் மருந்து, 3 மைக்ரோமோலார், ஒரே ஒரு நாள். அப்புறம் தினமும் மீடியா மாற்றிக்கொண்டு வந்தால் 120 மணி நேரத்தில் உருண்டை ஒரு பக்கமாக நீண்டிருக்கும், நீண்ட முனையில் பிராக்கியூரி ஜீன் இயங்கிக்கொண்டிருக்கும். அதுதான் வால் பக்கம்.

என்னை இதில் பிடித்து வைத்திருப்பது இந்த இடம்தான். மருந்து எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவில் போகிறது. உண்மையான கருவில் தலைப் பக்கம் எது என்பதில் கருவைச் சுற்றியுள்ள திசுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அங்கிருந்து விண்ட், நோடல் என்ற இரண்டு சமிக்ஞைகளையும் தடுக்கும் புரதங்கள் சுரக்கும். இங்கே அந்தத் திசுக்களே கிடையாது, இருந்தும் உருண்டை தன் வால் முனையைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் இரவு முழுக்க ஓடிய படத்தைக் காலையில் ஓட்டிப் பார்க்கும்போது, ஒளிரும் குறியிட்டுப் பார்க்கும் பிராக்கியூரி பரவலாக மினுங்கிவிட்டு ஒரு மூலைக்குச் சுருங்குவதை இன்றைக்கும் நான் அவசரமில்லாமல் இரண்டு மூன்று தடவை பார்ப்பேன்.

சரி, தினசரி உழைப்பு எப்படி? செய்முறை எளிது, செல்தான் கஷ்டம். தட்டில் போடும் நாளில் அல்ல, அதற்கு முந்தைய வாரங்களில் செல்லை எப்படி வளர்த்தோம் என்பதில்தான் முடிவு தங்கியிருக்கிறது. சீரமும் (ரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்), ஸ்டெம் செல்லை அதே நிலையில் வைத்திருக்கும் லிஃப் புரதமும் வைத்து வளர்த்த செல்லும், டூ-ஐ என்ற இரண்டு தடுப்பு மருந்துகளோடு வளர்த்த செல்லும் ஒரே மாதிரி நடக்காது. எங்களுக்கு ஒருமுறை சீரம் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியதும் பாதித் தட்டு நீளவே இல்லை, விற்ற கம்பெனியிடமிருந்து உருப்படியான பதிலும் வரவில்லை. அதிலிருந்து புது லாட் வந்தால் சிறு அளவில் சோதித்து, பிடித்திருந்தால் மொத்தமாக வாங்கி வைக்கிறோம். செல்லை எண்ணுவதிலும் சோம்பல் கூடாது, எண்ணிக்கை ரொம்ப ஏறினால் ஒரு வாலுக்குப் பதில் இரண்டு முளைக்கும். மீடியா மாற்றும்போது உருண்டையை உறிஞ்சிவிடாமல் பிப்பெட் பிடிக்கக் கை சில வாரத்தில் பழகிவிடும்.

பலன் என்ன என்று கேட்டால் ஹாக்ஸ் ஜீன்களைத்தான் காட்டுவேன். கழுத்து, மார்பு, இடுப்பு என்று உடம்பின் வரிசையைத் தீர்மானிப்பவை இவை, குரோமோசோமில் அடுக்கியிருக்கும் அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்குபவை. காஸ்ட்ருலாய்டிலும் அதே வரிசை வருகிறது என்று 2018இல் காட்டினார்கள். 2023இல் டெனி டுபூல் குழு ஒரு படி மேலே போய், டிஎன்ஏவில் பகுதிகளுக்கு இடையே தடுப்புச் சுவர் போல நிற்கும் சிடிசிஎஃப் புரதம் ஒட்டும் இடங்களை ஸ்டெம் செல்லில் ஒவ்வொன்றாக அழித்து, ஹாக்ஸ் ஜீன்கள் வரிசையாக இயங்கும் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தது. இத்தனை மாற்றங்களையும் எலியாகவே பிறப்பித்துப் பார்ப்பதென்றால் எத்தனை வருடம், எத்தனை எலி! 2020இல் மேட்ரிஜெல் என்ற புரத ஜெல் கொஞ்சம் சேர்த்ததும் முதுகெலும்புக்கு அடித்தளமான சோமைட் கட்டிகள் வரிசையாக வந்தன. ஒரு ஜெல் இவ்வளவு செய்யுமா என்று அப்போது பலரும் ஆச்சரியப்பட்டோம்.

குறைகளும் உண்டு. முன்மூளை கிடையாது, நஞ்சுக்கொடித் திசு கிடையாது, 120 மணி நேரத்துக்கு அப்புறம் வழக்கமான முறையில் தாக்குப்பிடிக்காது. கருப்பையில் பதிவது பற்றிய கேள்வி என்றால் பதியும் முன்னுள்ள கருவின் மாதிரியான பிளாஸ்டாய்டுக்குப் போங்கள், 2018இல் நிக்கோலா ரிவ்ரோன் குழு செய்தது அது. மூளை மடிப்பும் துடிக்கும் இதயமும் வேண்டுமென்றால் 2022இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்தும் மாக்தலேனா செர்னிக்கா-கோயெட்ஸ் குழுவிலிருந்தும் வந்த முழுக் கரு மாதிரிகள் இருக்கின்றன, எட்டரை நாள் கருவின் நிலை வரைக்கும் போகின்றன. ஆனால் அவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறுவதில்லை, சுழலும் பாட்டில் இன்குபேட்டர் வேறு வேண்டும். நூறு மருந்தைச் சோதித்துப் பார்க்க அது தோதுப்படாது. காஸ்ட்ருலாய்டில் ஒரு நல்ல தட்டில் பெரும்பாலான குழிகள் நீளும், அந்த எண்ணிக்கைதான் எனக்குப் பெரிது.

மனித செல்லில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 2020இல் வந்த மனித காஸ்ட்ருலாய்டு 72 மணி நேரத்திலேயே நீண்டுவிடும், சுமார் மூன்று வாரக் கருவின் சில ஜீன் ஒழுங்குகளைக் காட்டும். மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்ப்பதைப் பல நாடுகள் தடுத்திருக்கும்போது இது எப்படி அனுமதி என்று வீட்டில்கூடக் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். மூளையோ நஞ்சுக்கொடியோ இல்லாத, கருவாக வளரவே முடியாத திசு இது என்பதால்தான் அந்த 14 நாள் கணக்கு இதற்குப் பொருந்துவதில்லை. ஸ்டெம் செல்லில் உருவாக்கிய எந்த மனிதக் கரு மாதிரியையும் கருப்பையில் வைக்கக்கூடாது என்று சர்வதேச ஸ்டெம் செல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் திட்டவட்டமாகச் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முதலில் பேசுங்கள், உறைய வைத்த செல்லை அதற்கப்புறம் உருக்கலாம்.