அமெரிக்காவில் வீடு பார்க்கப் போகிறீர்களா? வாசலில் நீட்டும் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

"சும்மா ஃபார்மாலிட்டிதாங்க, கையெழுத்துப் போட்டால்தான் வீட்டைத் திறந்து காட்ட முடியும்" என்று ஏஜென்ட் வாசலிலேயே போனை நீட்டுவார். நம் ஆட்கள் பலர் படிக்காமல் விரலால் கிறுக்கிவிடுகிறார்கள். ஆனால் அது கமிஷன் தருவதாக நீங்கள் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்.

கையெழுத்து கேட்பதில் தவறில்லை. அமெரிக்க வீட்டு ஏஜென்ட்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் வழக்குச் சமரசப்படி 2024 ஆகஸ்ட் 17 முதல் அது கட்டாயம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

வீடு 5,00,000 டாலர், ஒப்பந்தத்தில் 3 சதவீதம் என்று வையுங்கள். கமிஷன் 15,000. விற்பவர் 2 சதவீதம்தான் தருகிறார் என்றால் மீதி 5,000 உங்கள் தலையில். "எல்லாம் விற்பவர் கொடுத்துவிடுவார்" என்று வாயால் சொன்னது செல்லாது. க்ளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறும் நாளுக்கு, மூன்று வேலைநாள் முன்பு வரும் செலவுக் கணக்குத் தாளில் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலர் திடுக்கிடுகிறார்கள். சாதாரணமாக அதை வீட்டுக் கடனிலும் சேர்க்க முடியாது. அதனால் "விற்பவர் தருவதற்கு மேல் வாங்குபவர் தர வேண்டியதில்லை" என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். தொகையை "2.5 முதல் 3" என்று இழுத்து எழுதுவதும் விதிமீறல்தான். பேரம் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதிகம் மாட்டுவது புது வீடு வாங்குபவர்கள். ஆறு மாதத்துக்கு இவர் ஒருவர்தான் ஏஜென்ட் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பில்டரின் மாதிரி வீட்டுக்குள் நுழைந்து, வாசலில் இருக்கும் டேப்லெட்டில் பெயரைப் பதிவார்கள். ஏஜென்ட் பெயர் கேட்கும் கட்டம் காலியாக இருக்கும். முதல் வருகையில் ஏஜென்ட் இல்லையென்றால் கமிஷன் தர மாட்டோம் என்பது பல பில்டர்களின் விதி. பில்டர் கையை விரித்தால் ஏஜென்ட் உங்களிடம்தான் கேட்பார், ஒப்பந்தம் அவர் பக்கம். அங்கே சிரித்து வரவேற்பவரும் பில்டரின் ஆள். உங்கள் உச்ச பட்ஜெட்டை அவரிடம் சொல்லாதீர்கள்.

முதல் தடவை ஒரு வீடு, ஒரு நாள் என்று மட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல் தனிநபரை மூன்று மாதத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கத் திறந்துவைக்கும் ஓபன் ஹவுஸை எட்டிப்பார்க்க ஒப்பந்தமே தேவையில்லை.

காலம் முடிந்த பிறகும் ஒரு பிடி உண்டு: அவர் காட்டிய வீட்டைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் கமிஷன் தர வேண்டும் என்ற வரி. அந்த நாட்களைக் குறைக்கச் சொல்லி, காட்டிய வீடுகளின் முகவரிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் விலக வேண்டுமானால் ஏஜென்டிடம் போனில் சொல்வது போதாது. ஒப்பந்தம் அவருடைய புரோக்கர் நிறுவனத்தோடு. ரத்து ஒப்புதலை அங்கிருந்து எழுத்தில் வாங்குங்கள்.