ரெட், பிரவுன், புளூ: ஆட்டத்துக்கும் தமிழுக்கும் ஒரே கீபோர்டு

வாலரன்ட் என்ற கணினித் துப்பாக்கி ஆட்டம் ஆடும்போது என் இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளை விட்டு நகராது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டும்போது அதே நான்கும் ஈ, அ, இ, உ. பகலில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்துக்குப் பக்கங்கள் தட்டித் தருகிறேன். பாதி வேலை அங்கே, மீதி வீட்டில். இரவு பத்து மணிக்கு மேல் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் மாமா பையனோடு ஆட்டம். வீட்டில் இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே கீபோர்டு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதல் கேள்வியே இதுதான்: ரெட்டா, பிரவுனா, புளூவா?

'கேமிங்னா ரெட்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பி ரெட் வாங்கினேன். பிறகு மாமா பையனின் புளூ கொஞ்ச நாள் என் மேசையில் இருந்தது. கடைசியில் பிரவுனுக்கு மாறினேன். ஆட மட்டும் செய்பவருக்கு ரெட் சரி. ஆடவும் தமிழில் தட்டவும் ஒரே பலகை வைத்திருப்பவருக்கு பிரவுன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் அந்த நான்கு விசைகள்.

முதலில் சுவிட்சுகளின் கணக்கு. இந்த நிறப்பெயர்கள் ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையிலிருந்து வந்தவை. கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற மற்ற சுவிட்ச் நிறுவனங்களும் அதே நிறங்களைப் பின்பற்றுகின்றன. செர்ரியின் அட்டவணைப்படி மூன்றுமே மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ரெட்டும் பிரவுனும் 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து விழும்; புளூவுக்கு 2.2. அழுத்தத் தேவையான பலம் ரெட்டுக்கு 45, பிரவுனுக்கு 55, புளூவுக்கு 60 சென்டிநியூட்டன். ஒரு சென்டிநியூட்டனை ஏறக்குறைய ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொள்ளலாம். ரெட் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரவுனில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும். புளூவில் மேடும் உண்டு, 'டிக்' என்ற சத்தமும் உண்டு.

பழைய ரப்பர் கீபோர்டில் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். பல வருடம் அதிலேயே பழகிய கை, மெக்கானிக்கலிலும் அடிவரை குத்தும். முதல் வாரம் எனக்கு விரல் நுனி வலித்தது அதனால்தான். பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடுகிறது, மீதி 2 மி.மீ. வீண் உழைப்பு என்று கைக்குப் புரிய நாளாகும். இன்னொன்று உயரம். மெக்கானிக்கல் பலகை தடிமனானது. மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கிவிடும். பின்னால் இருக்கும் கால்களை மடக்கிவிட்டு, நாற்காலியை இரண்டு விரல்கடை உயர்த்தி, முன்னால் ஒரு துண்டை நான்காக மடித்து வைத்தேன். மூன்றாம் நாளே மணிக்கட்டு வலி போய்விட்டது. தனியாகக் காசு கொடுத்துக் கைத்தாங்கி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

சரி, ரெட். ஆட்டத்தில் இது உண்மையிலேயே அருமை. வாலரன்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்ற நொடியில் சுட வேண்டும். வலப்பக்கம் நகரும்போது டி-யை விட்டு, ஏ-யைத் தொட்டு, நின்று, சுட வேண்டும். ரெட்டில் இது மூச்சு விடுவது மாதிரி நடக்கும். நான்கே நாளில் என் கை ஆட்டத்துக்குப் பழகிவிட்டது.

தமிழ் தட்டும்போதுதான் கதை மாறியது. என் விரல்கள் ஓய்வில் இருக்கும்போதும் விசைகள் மேலேயே படுத்திருக்கும். 45 கிராம் என்பது சோம்பலாகக் கிடக்கும் விரலுக்குக்கூட எட்டிவிடுகிற எடை. தமிழ்99-இல் இடது ஆள்காட்டி விரல் கிடக்கும் எஃப் விசைதான் புள்ளி. அடுத்த வார்த்தையை யோசித்துக்கொண்டு நிற்பேன். திரையைப் பார்த்தால் 'கடல' வரைக்கும் தட்டியது 'கடல்' ஆகியிருக்கும். பக்கத்தில் டி-யும் எஸ்-உம் உ, இ. ஆங்கிலத்தில் தப்பாக ஓர் எழுத்து விழுந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், கண்ணில் பட்டுவிடும். தமிழில் அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ல என்பது லு ஆகும், லி ஆகும், ல் ஆகும். 'வந்தால்', 'வந்தாலு' என்று பக்கம் முழுக்கத் திருத்தம். மூன்று வாரம் கழித்துக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. விரல்களைத் தூக்கிப் பிடித்துப் பழகினேன். அது தோளில் வலியாகப் போய் உட்கார்ந்தது.

இந்த இடத்தில் என் தவறில்லாத ஒரு கோளாறையும் சொல்ல வேண்டும். வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள் ஈரம் காயவே இல்லை. அடுத்த வாரம் ஒரு துண்டறிக்கையில் 'கடை வாடகைக்கு' என்று தட்டினேன், 'கட்டை வாடகைக்கு' என்று விழுந்தது. 'படம்' என்று தட்டினால் 'பட்டம்'. ஒரே உயிர்மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவது தமிழ்99-இன் வசதி. ட இருக்கும் ஆங்கில ஓ விசை, ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவானது. அந்த வசதி அதை அழகாக 'ட்ட' ஆக்கிக் கொடுத்தது. கட்டையும் பட்டமும் சரியான சொற்கள்தானே, பிழைதிருத்தியும் பிடிக்காது. சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டால்தான் எழுத்து. தகட்டில் உப்போ அழுக்கோ படிந்தால் தொடும் நேரத்தில் அதிர்ந்து, ஒரு தொடுதல் இரண்டாகிவிடும். ஆட்டத்தில் இது தெரியவே தெரியாது. தமிழில் பொருளே மாறிவிடும்.

கடலூர், புதுச்சேரி மாதிரி ஊரில் வாங்குபவர்கள் எந்த நிறம் என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஹாட்-ஸ்வாப் வசதி. சாமணம் மாதிரி ஒரு கருவியால் பழுதான சுவிட்சைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஈயம் வைக்கத் தேவையில்லை. ஓ விசைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக்கில் இருந்த சுவிட்சை எடுத்து ஓ-வில் போட்டேன். ஒன்றைக் கவனியுங்கள்: சில மலிவான பலகைகளின் துளைகள் அவுட்டெமுவின் மெல்லிய ஊசிகளை மட்டும்தான் ஏற்கும். ஐந்து கால் சுவிட்ச் மூன்று கால் பலகையில் போகாது என்று கவலைப்பட வேண்டாம். கூடுதலாக இருக்கும் இரண்டும் பிளாஸ்டிக் கால்கள், நகவெட்டியால் நறுக்கிவிடலாம்.

அப்புறம் புளூ. என் பலகை பழுதான அந்த வாரம் மாமா பையன் தன்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தான். தட்டுவதற்கு மூன்றிலும் இனிமையானது இதுதான் என்று நான் ஒளிக்காமல் சொல்வேன். ஒவ்வோர் எழுத்தும் 'விழுந்தேன்' என்று காதில் சொல்லிவிட்டுப் போகும். திரையைப் பார்க்கவே தேவையில்லை. அம்மா அறைக்குள் வந்து நின்று கேட்டார்கள்.

"என்னப்பா இது, இன்ஸ்டிடியூட் சத்தம் கேட்குது?"

அம்மா கல்யாணத்துக்கு முன்பு திருப்பாதிரிப்புலியூரில் டைப்ரைட்டிங் படித்து, தமிழ் லோயர் முடித்தவர்கள். பழைய தட்டச்சு முறைக்கு மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்தேன். முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தூக்கி, பார்க்காமல் தட்டினார்கள். முதல் வரியில் நிறையப் பிழை, மூன்றாவது வரியில் வேகம். டைப்ரைட்டரில் பழகிய கைக்கு எழுத்து விழும் சத்தமும் ஒரு பாதிப் பாடம். அவர்களுக்கு ரெட்டைக் கொடுத்தபோது, "இதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியலை" என்றார்கள். பழகுவது என்று நாம் சொல்வது பாதிக்குப் பாதி, கை ஏற்கெனவே எதில் பழகியது என்பதைப் பொறுத்தது.

ஆனால் ஆட்டத்துக்கு புளூவை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்து பதிவாகும் இடமும் அது விடுபடும் இடமும் புளூவில் ஒன்றல்ல. பதிவான பிறகு விரலை அதிகமாக மேலே தூக்கினால்தான் அடுத்த அழுத்தத்துக்குத் தயாராகும். ஒரே விசையைப் படபடவென்று தட்ட வேண்டிய இடங்களில் இரண்டுக்கு ஒன்றுதான் போய்ச் சேரும். மைக்கில் சத்தம் வேறு. லாஸ்பேட்டையில் மாமா பையனுக்கு மாடியில் தனி அறை, கதவைச் சாத்திக்கொள்வான். அவன் தட்டும் சத்தம் எனக்கு இங்கே ஹெட்செட்டில், எதிரியின் காலடி ஓசைக்கு மேலே கேட்கும். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவே திரைச்சீலைதான். பகலில் ரசித்த அதே சத்தத்துக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் தூக்கம் கலைந்தது. அதோடு முடிந்தது.

பிரவுனை 'இரண்டும்கெட்டான்' என்று நிறையப் பேர் ஒதுக்குவார்கள். ரெட்டின் வழுக்கலும் இல்லை, புளூவின் தெளிவும் இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது ஆங்கிலம் தட்டுபவருக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம். எனக்கு அந்தச் சின்ன மேடுதான் தேவையாக இருந்தது. ஓய்வில் கிடக்கும் விரலை அந்த மேடு தாங்கிக்கொள்கிறது. எஃப் மேல் விரலைப் படுக்கப்போட்டுவிட்டு யோசிக்கலாம், புள்ளி விழாது. பிரவுன் போட்ட இரண்டாவது வாரத்தில், ஒரு பக்கத்துக்கு நான் செய்யும் திருத்தம் பழைய ரப்பர் கீபோர்டு நாட்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. தோள்வலியும் போனது. ஆட்டத்தில் முதல் ஐந்தாறு நாள் கை கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பரபரப்பில் அந்த மேடு விரலுக்குத் தெரிவதே இல்லை.

நடுவில் ஒரு சோதனையும் செய்தேன். ஹாட்-ஸ்வாப் இருக்கிறதே, டபிள்யூ, ஏ, எஸ், டி நான்குக்கு மட்டும் ரெட், மற்றவைக்கு பிரவுன் என்று கலந்து போட்டேன். இதைச் செய்து மகிழ்ச்சியாக இருப்பவர்கள் உண்டு. என்னால் ஒரு வாரத்துக்கு மேல் முடியவில்லை. 'நிலம்' என்பதன் இகரம் ரெட்டில், மற்றவை பிரவுனில். ஒரே சொல்லுக்குள் விரல் இரண்டு கனத்தைக் காண்கிறது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் இருப்பதால், தமிழ்99-இல் தட்டுவது இரண்டு கையும் மாறி மாறிப் போடும் தாளம். அந்தத் தாளம் உடைந்துபோனது. நான்கையும் கழற்றிவிட்டேன்.

இப்போது காந்த சுவிட்ச் பற்றிப் பேச்சு அதிகம். இதில் தகடுகள் தொடுவதில்லை. தண்டில் உள்ள காந்தம் எவ்வளவு இறங்கியது என்பதை ஓர் உணரி அளக்கிறது. ஆகவே கட்டை, பட்டம் பிரச்சினைக்குக் காரணமான தகடே அங்கு இல்லை. எத்தனை மி.மீ. இறங்கினால் எழுத்து விழ வேண்டும் என்பதை விசைக்கு விசை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஏ, எஸ், டி மேலோட்டமாக, தமிழுக்கு எஃப் நன்றாக ஆழமாக என்று இரண்டு அமைப்பு வைக்கலாம். ஒரு நாள் ஒரு நண்பர் வீட்டில் அப்படி வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. விலைதான் என்னைத் தடுக்கிறது. இந்த வகைப் பலகைகளில் வரும், எதிரெதிர் திசை விசைகளைத் தானே மாற்றிவிடும் ஸ்னாப் டாப் போன்ற வசதிகளை, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தின் அதிகாரபூர்வ சர்வர்களில் அதன் நிறுவனமான வால்வ் 2024 ஆகஸ்டில் தடைசெய்துவிட்டது. அதற்காகவே வாங்க நினைப்பவர்கள் யோசிக்கவும்.

அளவு பற்றிச் சுருக்கமாக. மவுஸை வீச இடம் வேண்டும் என்றால் எண் பகுதி இல்லாத 87 விசைப் பலகை போதும். 61 விசைப் பலகை அதைவிட வசதி என்று தோன்றும். தமிழ் தட்டுபவர்கள் பொறுங்கள். சில 61 விசை மாடல்களில் மேல் அம்புக்குறியும் சாய்கோடும் ஒரே விசையில் இருக்கும். எஃப்என் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்99-இல் அந்தச் சாய்கோடு விசைதான் ழ. வாங்கும் முன் அந்த மூலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறமானாலும், பழகும் காலத்தில் இரண்டு கீபோர்டுக்கு நடுவே ஓடாதீர்கள். அச்சகத்தில் ரப்பர், வீட்டில் மெக்கானிக்கல் என்று நான் ஓடியதால்தான் ரெட்டுக்கு மூன்று வாரம் ஆனது. பிரவுன் போட்ட பிறகு பலகையைப் பையில் போட்டு அச்சகத்துக்கே எடுத்துப் போய்விட்டேன். கடல் காற்று அடிக்கும் வீட்டில் இரவு மூடி வைக்க ஒரு பழைய தலையணை உறை போதும்.

கழற்றிய ரெட் சுவிட்சுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. மாமா பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய புளூ அம்மாவிடமே இருக்கட்டுமாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அந்த 'டிக் டிக்' ஹாலில் கேட்கிறது.