பழைய பஸ்ஸின் பவர் ஸ்டீரிங்: எண்ணெய் மாற்றினால் எது தீரும், எது தீராது

பவர் ஸ்டீரிங் எண்ணெயை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இன்ஜின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு, கிரீஸ் அடிப்பதற்கு நாள் குறித்து வைத்திருப்போம், ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டியே தேய்த்துவிடுவோம். ஸ்டீரிங் ஆயில் டப்பாவை மட்டும் அளவு குறைந்தால்தான் திறப்போம். கையில் கிடைத்ததை ஊற்றி மூடியும் விடுவோம்.

என்னிடம் இருப்பது பழைய அசோக் லேலண்ட் வைக்கிங். பாடி கரூரில் கட்டியது. டவுன் ரூட்டில் பல ஆண்டுகள் ஓடிய பிறகு என் கைக்கு வந்தது. இப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்கு ஒப்பந்தத்தில் ஓடுகிறது. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். எனவே கோடை விடுமுறையில் வண்டி எப்படியும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும். ஸ்டீரிங் எண்ணெயை முழுதாக மாற்றும் வழக்கத்தை அந்த நாட்களில்தான் தொடங்கினேன். இப்போது சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்ல முடிகிறது.

அப்போது வண்டியில் இருந்த தொந்தரவுகள் இவை. காலையில் முதல் ஸ்டார்ட்டில், சக்கரத்தை ஒடிக்கும்போது பம்ப்பிலிருந்து ஒரு முனகல் எழும். சூடேறியதும் அது அடங்கிவிடும். பஸ் நிலையத்துக்குள் மெதுவாகத் திருப்பும்போது ஸ்டீரிங் சீராகச் சுற்றாமல் விட்டுவிட்டு இழுக்கும். வெயில் ஏறிய பிற்பகலில் டிரைவர் அண்ணன் இரண்டு கையாலும் வளைக்க வேண்டியிருக்கும். நேர்ச்சாலையில் வண்டி லேசாக அலையவும் செய்யும். இந்த நான்கும் ஒரே எண்ணெயால் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். எண்ணெயால் தீர்ந்தவை இரண்டாவதும் மூன்றாவதும்தான். முதலாவதற்கு ஒரு ஹோஸையும் மாற்ற வேண்டியிருந்தது. நான்காவதற்கும் எண்ணெய்க்கும் தொடர்பே இல்லை.

இந்த வண்டிக்குரிய எண்ணெய் டெக்ஸ்ரான் 2 வகை ஏ.டி.எஃப். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக வந்த எண்ணெய்தான் ஸ்டீரிங்குக்கும் பழகிவிட்டது. சிவப்புச் சாயம் கலந்திருப்பதால், வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தால் அது இன்ஜின் ஆயிலா ஸ்டீரிங் ஆயிலா என்று பார்த்தவுடனே தெரியும். என் வண்டியின் டப்பாவில் இருந்ததற்குச் சிவப்பு என்ற பெயரே பொருந்தாது. விரலில் தொட்டால் கரும்பழுப்பு, முகர்ந்தால் கருகல் வாடை. டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் கண்மை போல் வழுவழுப்பான கரும்படிவம் ஒட்டியிருந்தது. அதைத் தாளில் வழித்து, அடியில் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்தோம். ஒரு பகுதி காந்தத்தோடு ஊர்ந்தது, மீதி அசையவில்லை. ஊர்ந்தது இரும்புத் தூள், பம்ப்பும் ஸ்டீரிங் பாக்ஸும் தேய்ந்து உதிர்த்தது. அசையாததில் பெரும்பகுதி ஹோஸின் உட்புற ரப்பர் என்பது, பின்னர் அந்த ஹோஸை அறுத்துப் பார்த்தபோது உறுதியானது.

“எண்ணெய்தானே அண்ணா, டப்பாவை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி அனுப்பிவிடலாம்” என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். அதற்குப் பெயர் மாற்றுவது அல்ல, கலப்பது. மொத்தம் நான்கு லிட்டர் பிடிக்கும் அமைப்பில் டப்பாவில் நிற்பது இரண்டு லிட்டர் என்றால், மீதி இரண்டு ஸ்டீரிங் பாக்ஸிலும் ஹோஸ்களிலும் இருக்கும். டப்பாவை மட்டும் காலி செய்து நிரப்பினால் பாதி அழுக்கு உள்ளேயே தங்கும். இன்னொரு முறை அப்படியே செய்தாலும் கால்வாசி மிஞ்சும்.

நாங்கள் செய்யும் முறை இது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைய நான் யாரையும் விடுவதில்லை. பிறகு ரிட்டர்ன் ஹோஸை (எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாய்) டப்பாவிலிருந்து கழற்றி, வெளியே வருவது தெரியும்படி வெள்ளை கேனில் விடுவோம். டப்பாவில் அந்த வாயை அடைத்துவிட வேண்டும். இன்ஜினை ஓடவிடாமல், ஒருவர் ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகச் சுற்றுவார். பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து பழைய எண்ணெயைத் தானே வெளியே தள்ளும். சக்கரம் தரையில் இருந்தால் இதைக் கையால் செய்யவே முடியாது, ஆக்சிலைத் தூக்குவது இதற்காகத்தான்.

இன்ஜினை ஓட்டியே வெளியேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஐடிலிங்கில்கூட பம்ப் தள்ளும் வேகத்துக்கு டப்பா சில நொடிகளில் வற்றிவிடும். இது வேன் பம்ப், அதாவது உள்ளே தகடுகள் சுழன்று எண்ணெயைத் தள்ளும் வகை. வறண்டு சுற்றினால் அதற்கு ஆகாது. எங்கள் வண்டியில் இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிள் உண்டு. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் சிறிது சிறிதாக அடித்தால் இன்ஜின் பிடிக்காது, பம்ப் மெல்லச் சுற்றும். மேலே ஒருவர் புது எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பார். கேனில் விழுவது பழுப்பிலிருந்து மங்கிய சிவப்பாகி, பிறகு தெளிந்த சிவப்பாக வரும்போது நிறுத்துவோம். மொத்தக் கொள்ளளவைவிடக் கூடுதலாக எண்ணெய் செலவாகும். அதில் கஞ்சத்தனம் பார்ப்பதாக இருந்தால் இந்த வேலையையே தொடங்க வேண்டாம்.

டப்பாவைத் துடைக்கும்போது ஒரு விஷயம். ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான் கைக்கு வரும். அதன் நூல் பிசிறு டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டால் நேராகப் பம்ப்புக்குத்தான் போகும். பிசிறு விடாத பழைய வேட்டித் துணி நல்லது. உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கழுவி மறுபடி போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தாள் ஃபில்டராக இருந்தால் கழுவியும் பயனில்லை. புதியதன் விலை ஒரு லிட்டர் எண்ணெயின் விலைக்குள்தான் அடங்கும்.

காற்றை எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். நிரப்பிய பிறகு இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, டப்பாவில் அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே ஸ்டீரிங்கை இருபுறமும் மெதுவாகச் சுற்ற வேண்டும். கோடியில் கொண்டுபோய் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அங்கே பம்ப் முழு அழுத்தத்தில் நின்று எண்ணெயைக் கொதிக்க வைக்கும். டப்பாவில் நுரையும் குமிழியும் நின்ற பிறகு ஒரு சோதனை இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது குறியளவில் நிற்கும் எண்ணெய், அணைத்தவுடன் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறினால் சரி. அதைவிட அதிகம் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். அழுத்தத்தில் சுருங்கிக் கிடந்த காற்று, இன்ஜின் நின்றதும் விரிந்து எண்ணெயை மேலே தள்ளுகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்க நான் சம்மதிப்பதில்லை.

இனி பலன். வெயில் நேரக் கனம் அன்றே குறைந்தது. விட்டுவிட்டு இழுப்பது நின்றது. ஆனால் எண்ணெய் சில வாரங்களில் மறுபடி மங்கியது. மூலைகளில் ஒட்டியிருந்த பழையது கரைந்து வந்திருக்க வேண்டும். பழைய வண்டிக்கு முதல் மாற்றத்துக்குப் பின் சில வாரங்களில் இன்னொரு மாற்றம் தேவை என்றே நான் சொல்வேன். அதன் பிறகு இரண்டு கோடைக்கு ஒருமுறை போதுமானதாக இருக்கிறது. அண்மையில் திறந்தபோது நிறம் இறங்கியிருந்தது, வாடை இல்லை.

காலை முனகல் மட்டும் போகவில்லை. பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் தடித்த ஹோஸில்தான் குற்றம் இருந்தது. அதில் எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது உறிஞ்சும் பக்கம். இறுகிப்போன ரப்பரும் தளர்ந்த கிளிப்பும் இருந்தால் எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிய மறுநாள் காலை முனகல் இல்லை. பம்ப்பின் விலையோடு ஒப்பிட்டால் அது டீச் செலவு. என் அனுபவத்தில் எண்ணெயைவிட அதிகப் பலன் கொடுத்தது இந்த ஹோஸ்தான்.

நேர்ச்சாலையில் அலைந்ததற்குக் காரணம், ஸ்டீரிங் பாக்ஸை முன் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கின் பந்து முனைத் தேய்மானம். வளைவு முடிந்த பிறகு ஸ்டீரிங் தானாக நேருக்கு வராமல் இருந்தால், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னைப் பார்க்க வேண்டும். முன் டயரில் காற்று குறைந்தாலும் கனக்கும். இவற்றைப் பார்க்காமல் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஏமாந்ததாகச் சொல்வதில் பொருளில்லை.

“பழைய எண்ணெயை எடுத்தால் சீல் ஒழுகும்” என்ற பேச்சும் உண்டு. என் வண்டியில் சில மாதம் கழித்து ஸ்டீரிங் பாக்ஸின் கீழ்ப்பக்கம் ஈரம் தெரிந்தது உண்மைதான். கழற்றிய சீலின் உதடு நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்கு இறுகியிருந்தது. அது புது எண்ணெய் சில மாதத்தில் செய்த வேலை அல்ல. கசிவை நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்பதை நான் ஊற்றவில்லை, சீல் கிட்தான் போட்டேன். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இந்த அமைப்பின் ரப்பர் மினரல் எண்ணெய்க்கானது, பிரேக் ஆயில் பட்டால் ஊதி இளகிவிடும். பிறகு பாக்ஸ், பம்ப் இரண்டையும் பிரிக்க வேண்டியதுதான்.

போன முறை கல்லூரிச் சுற்றுலாவுக்கு ஏற்காடு போனபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் டிரைவர் அண்ணன் முணுமுணுக்காமல் ஏறினார். மேலே நிறுத்தியதும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சூடு இருந்தது, நுரை இல்லை. பிரஷர் ஹோஸின் மேலுறையில் மட்டும் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. வரும் எஃப்.சி.க்கு முன் அதையும், அதன் இரு முனைகளிலும் இருக்கும் செம்பு வாஷர்களையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.